லித்தியோஃபிலைட்: நண்பனை இழக்கும் கல்

இன்னைக்கு லித்தியோஃபிலைட். லித்தியம், மாங்கனீசு, பாஸ்பேட் சேர்ந்த கனிமம். 1878-ல், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துல, பிராஞ்ச்வில் பெக்மடைட் பாறையில் கிடைச்சதை வைத்து விவரித்தார்கள். பேருக்கு 'லித்தியத்தின் நண்பன்'னு அர்த்தம்.

கடினத்தன்மை 4 முதல் 5; கத்தியால கீறலாம். நிறம் பெரும்பாலும் தேன் பழுப்பு. ஆனா நிறத்தை மட்டும் நம்பாதீங்க, நானே ஏமாந்திருக்கேன். இதே அமைப்பில் மாங்கனீசைவிட இரும்பு அதிகமா இருந்தா, அது ட்ரைஃபிலைட். ரெண்டும் ஒரே தொடர். இடையில எல்லா விகிதத்திலும் கலவை கிடைக்கும். வேதிப் பகுப்பாய்வு செஞ்சாத்தான் பேர் உறுதியாகும்.

காலப்போக்கில் மாங்கனீசு ஆக்சிஜனேற்றம் அடைய, லித்தியம் வெளியேறும். கடைசியில ஊதா நிற பர்ப்யூரைட் மிஞ்சும். லித்தியம் போனாலும் சட்டகம் நிக்குது பாருங்க, இரும்பு பாஸ்பேட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது நடப்பதும் இதுதான். பேட்டரியில லித்தியம் திரும்பி வரும். பாறையில அது போனது போனதுதான்.