பொலிஸுக்காக அணியும் தலைக்கவசம்

வெள்ளவத்தையில் 154ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் பொரளைச் சந்தியில் இறங்கலாம். மாலை ஐந்து மணிக்குப் பிறகு அங்கே சற்று நேரம் நின்று பாருங்கள். பஸ்களுக்கும் ஓட்டோக்களுக்கும் இடையில் கிடைக்கும் ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு மோட்டார் சைக்கிள் நுழைகிறது. முதுகில் உணவுப் பெட்டியைச் சுமந்த இளைஞர்கள், கந்தோர் முடிந்து வீடு திரும்புவோர், முன்னால் பிள்ளையையும் பின்னால் மனைவியையும் ஏற்றிக்கொண்ட தகப்பன்மார். சந்தியில் போக்குவரத்துப் பொலிஸார் நிற்பதால் பெரியவர்களின் தலைகளில் தலைக்கவசம் இருக்கிறது. கூர்ந்து பார்த்தால் சிலரின் பட்டி பூட்டப்படாமல் நாடிக்குக் கீழே ஆடிக்கொண்டிருக்கும். பெற்றோல் தாங்கியின் மேல் இருக்கும் பிள்ளையின் தலை வெறுந்தலையாக இருக்கும்.

சந்தியைத் தாண்டி ஒழுங்கைக்குள் திரும்பியதும் தலைக்கவசம் கைபிடிக்கு இறங்கிவிடும். கொட்டாஞ்சேனையிலும் இதுதான். யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் இதுதான். நாம் தலைக்கவசத்தைப் பொலிஸுக்காக அணிகிறோம். தலைக்காக அணிவதில்லை. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது, அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எண்ணாத சாவுகள்

பொரளை என்ற பெயர் தமிழர்களுக்கு வேறொன்றையும் நினைவூட்டும். 1983 ஜூலை 24ஆம் திகதி இரவு, கனத்தை மயானத்தில் கூடிய கூட்டத்திலிருந்து கிளம்பிய வன்முறை முதலில் பரவியது இந்தச் சந்தியைச் சுற்றித்தான். அடுத்த சில நாட்களில் இதே பொரளையிலுள்ள வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அந்த எண்ணிக்கையை நாம் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது.

ஆனால் வீதியில் சாகிறவர்களை நாம் எண்ணுவதேயில்லை. 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இலங்கையின் வீதிகளில் ஆண்டொன்றுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நாளொன்றுக்கு எட்டுப் பேர். பின்னர் எண்ணிக்கை சற்றுக் குறைந்தபோதிலும், கொரோனா முடக்கம் இருந்த 2020இல்கூட அது இரண்டாயிரத்துக்குக் கீழே இறங்கவில்லை. பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். இறப்பவர்களிலும் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே பெரும் பகுதியினர். அவர்களில் அதிகமானோர் உழைக்கும் வயதிலுள்ள ஆண்கள்.

பொரளையிலிருந்து வார்ட் பிளேஸ் வழியாக நடந்தால் தேசிய வைத்தியசாலைக்குப் போகலாம். அங்குள்ள விபத்துச் சேவைப் பிரிவின் வாசலில் வடக்கு, கிழக்கிலிருந்து வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கி, மகனோ கணவனோ கண்விழிப்பதற்காகக் காத்திருப்பவர்களைக் காணலாம். ஷெல்லடிக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பி வந்த குடும்பங்களும் அவர்களுள் உண்டு. "விதி" என்ற ஒரு சொல்லோடு அந்தக் கதை பெரும்பாலும் முடிந்துவிடும்.

சோதனைச் சாவடி கற்றுத்தந்த பாடம்

1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சொட்டுப் பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையைக் கக்கிக்கொண்டு ஓடிய அந்த வண்டிதான் அன்று அம்புலன்ஸ், அதுதான் பொதி வண்டி. விமானக் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஓடுகிறவன் தலைக்கவசத்தைப் பற்றி யோசிக்க மாட்டான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கொழும்பிலும் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் தலைக்கவசத்துக்கு வேறோர் அர்த்தம் வந்தது. சோதனைச் சாவடியில் முதலில் கழற்ற வேண்டியது அதைத்தான். முகத்தைக் காட்ட வேண்டும், அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். மறுபுறம், முகம் முழுதும் மூடிய தலைக்கவசத்தோடு மோட்டார் சைக்கிளில் வந்து சுட்டுவிட்டுப் போன ஆயுததாரிகளை நமது ஊர்கள் கண்டிருக்கின்றன. முழுமுகத் தலைக்கவசம் அணிந்த ஒருவர் படலையில் வந்து நின்றால் நெஞ்சு திடுக்கிடுவது இன்னமும் சிலருக்குப் போகவில்லை.

போர் முடிந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் அரசு அதை அதே கண்ணோடுதான் பார்த்தது. 2015இல் கொள்ளைச் சம்பவங்களைக் காரணம் காட்டி, முழுமுகத் தலைக்கவசத்தைத் தடைசெய்யப் பொலிஸார் முயன்றார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் நீதிமன்றம் சென்று இடைக்கால உத்தரவு பெற்று அதை நிறுத்தினார்கள். தாடையையும் முகத்தையும் காக்கும் பொருளை, முகத்தை மறைக்கும் பொருளாக மட்டுமே அதிகாரம் கண்டது.

ஆக, தலைக்கவசம் என்பது அடையாள அட்டையைப் போல ஆகிவிட்டது. சீருடையைக் கண்டால் காட்ட வேண்டியது, சீருடை இல்லாத இடத்தில் தேவையற்றது. விதிகளை மதிக்கத் தெரியாதவர்கள் அல்ல நாம். போர்நிறுத்தக் காலத்தில் ஏ-9 வீதியால் வன்னிக்குள் நுழைந்தவர்கள், புலிகளின் காவல்துறை விதித்த தண்டத்துக்கு அஞ்சி வேகத்தைக் குறைத்தது பலருக்கு நினைவிருக்கும். ஓமந்தையைத் தாண்டியதும் அதே சாரதி மறுபடி வேகமெடுப்பார். யார் பிடிப்பார்கள் என்பதே அன்றும் இன்றும் நமது கணக்கு. தார் வீதிக்கு இந்தக் கணக்குத் தெரியாது.

ஒரு பனையின் உயரம்

மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது குடியிருப்புப் பகுதிகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதிக்கப்பட்ட வேகம். அந்த வேகத்தில் செல்லும்போது ஒரு செக்கனில் 14 மீற்றர் கடந்துவிடுவீர்கள். முன்னால் மாடு குறுக்கிடுவதை மூளை உணர்ந்து கை பிரேக்கை அழுத்துவதற்கே ஏறத்தாழ ஒரு செக்கன் போய்விடும். அந்த வேகத்தில் நேராக ஒரு மதிலில் மோதுவது 10 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். வேகம் 70 ஆனால் உயரம் ஏறத்தாழ 20 மீற்றர். நன்கு வளர்ந்த பனையின் உச்சி. வேகம் கூடியது இருபதுதான், விழும் உயரமோ இரட்டிப்பாகிறது. பனையில் ஏறுகிறவர் தளைநாரும் இடைக்கயிறும் இல்லாமல் ஏற மாட்டார். நாமோ அதே உயரத்துக்கு வெறுந்தலையோடு, பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போகிறோம்.

தலைக்கவசம் செய்யும் வேலை எளிமையானது. வெளி ஓடு அடியை ஒரே புள்ளியில் விழவிடாமல் பரப்புகிறது. உள்ளே இருக்கும் றிஜிபோம் நசுங்கி, தலை நிற்பதற்குச் சில மில்லி செக்கன்களைக் கூட்டித் தருகிறது. மண்டையோட்டுக்குள் மூளை மோதும் வேகம் அதனால் குறைகிறது. ஒருமுறை பலமாக அடிபட்ட தலைக்கவசத்தின் றிஜிபோம் நசுங்கியிருக்கும். வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் அதை மறுபடி அணிவதில் பயனில்லை. பட்டி பூட்டாவிட்டால், தலை தரையைத் தொடும் முன்பே கவசம் கழன்று பறந்துவிடும். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தலைக்கவசம் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் மரண ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் குறைப்பதாகக் கண்டிருக்கிறார்கள்.

இந்த அறிவு பிறந்ததும் போரில் தப்பிய ஒருவரின் சாவிலிருந்துதான். "அரேபியாவின் லோரன்ஸ்" என்று அறியப்பட்ட டி.ஈ. லோரன்ஸ் முதலாம் உலகப் போரின் பாலைவனச் சண்டைகளில் உயிர் தப்பியவர். 1935 மே மாதம் இங்கிலாந்தில் தன் வீட்டுக்கு அருகே மோட்டார் சைக்கிளில் வந்தபோது, சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்களைத் தவிர்க்க வண்டியைத் திருப்பி விழுந்தார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாட்களில் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவர் மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹியூ கெயார்ன்ஸ். அதன் பிறகு மோட்டார் சைக்கிள் விபத்துகளில் தலைக்காயம் பட்டவர்களைப் பற்றி அவர் ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு பிரித்தானிய இராணுவம் தனது மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது.

நீண்ட போரைக் கண்ட வியட்நாமும் நம்மைப் போல மோட்டார் சைக்கிள்களால் நிறைந்த நாடு. 2007 டிசம்பர் 15இல் அங்கே எல்லா வீதிகளிலும் தலைக்கவசம் கட்டாயமானது. மிகக் குறுகிய காலத்தில் பெரும்பாலானோர் அணியத் தொடங்கினார்கள். ஆனால் பிள்ளைகளுக்கான தண்டம் சட்டத்தில் தெளிவாக இல்லாததால், பெற்றோர் கவசத்துடனும் பிள்ளைகள் வெறுந்தலையுடனும் போவது அங்கும் நீடித்தது. தண்டத்துக்குப் பயந்து வரும் பழக்கம் தண்டம் எட்டும் இடம் வரைதான் போகும்.

எழுந்து நடந்தவர் ஏன் இறக்கிறார்?

"விழுந்தவர் தானே எழுந்து நின்றார், சோடா குடித்தார், வீட்டுக்குப் போய்ப் படுத்தார், விடிய எழும்பவில்லை." இப்படியொரு கதை எல்லா ஊர்களிலும் இருக்கும். இதற்குக் காரணம் உண்டு. பக்கவாட்டில் அடிபடும்போது மண்டையோட்டின் உட்புறம் ஓடும் இரத்தக் குழாய் கிழியலாம். இரத்தம் மெல்ல மெல்லச் சேர்ந்து மூளையை அழுத்த மணித்தியாலங்கள் ஆகும். அதுவரை ஆள் தெளிவாகப் பேசுவார். நேரத்துக்குக் கொண்டுபோனால், இரத்தக் கட்டை அகற்றிக் காப்பாற்றக்கூடிய காயங்களில் இதுவும் ஒன்று.

ஆகவே தலையில் அடிபட்டவரை ஒரு நாளாவது கவனித்திருக்க வேண்டும். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், குழப்பமான பேச்சு, வலிப்பு, ஒரு கை அல்லது கால் பலவீனமாவது, கண்மணிகள் இரண்டும் வெவ்வேறு அளவில் இருப்பது, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிவது: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குடித்திருக்கிறார், அதனால் தூங்குகிறார் என்று விட்டுவிடுவது மிக ஆபத்தானது.

வீதியில் கிடப்பவரைக் கைகால் பிடித்துத் தூக்கி ஓட்டோவுக்குள் மடக்கித் திணிப்பது நல்ல எண்ணத்தில் நடப்பதுதான். ஆனால் கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலே உடலைச் செயலிழக்கச் செய்துவிடும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது. அது வரும் வரை கழுத்தை அசையவிடாமல் தலையைப் பிடித்திருங்கள். இரத்தம் பீறிடும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்துங்கள். மூச்சுக்குத் தடையில்லாவிட்டால் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்ற வேண்டாம். தண்ணீரும் சோடாவும் கொடுக்க வேண்டாம்.

விபத்துக்குப் பின்

பொலிஸ் என்றால் ஒதுங்கும் பழக்கம் இங்கும் நமக்கு நட்டத்தைத் தருகிறது. "பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று முறைப்பாடு பதியாமல் போனால், பின்னர் காப்புறுதிக்கும் வழக்குக்கும் ஆதாரம் இராது. மோதிய வாகனத்தின் இலக்கத்தையும் காப்புறுதி அட்டையின் விபரத்தையும் படமெடுத்து வையுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி எல்லா வாகனங்களுக்கும் கட்டாயம். காயப்பட்டவருக்கான நட்டஈடு அதிலிருந்தே கிடைக்க வேண்டும். நட்டஈட்டு வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். மோதிய வாகனம் தப்பியோடி, அடையாளம் தெரியாமல் போனால், வீதிப் பாதுகாப்புத் தொடர்பான தேசிய சபையின் நிதியத்திடம் இழப்பீடு கோரலாம். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. வாக்குமூலத்தைத் தமிழில் பதியக் கேளுங்கள், விளங்காத தாளில் ஒப்பமிடாதீர்கள்.

பொறுப்பு முழுவதும் ஓட்டுநரின் தலையில் இல்லை. போருக்குப் பின் ஏ-9 வீதி காப்பற் வீதியானது. வண்டிகள் லீசிங்கில் வீடு தேடி வந்தன. வேகத்துக்கான வீதி வந்த அளவுக்கு, நடப்பவருக்கான கரையும், தெருவிளக்கும், பாடசாலை வாசலில் வேகத்தைக் குறைக்கும் மேடும் வரவில்லை. பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரமும், இருளில் வீதியில் படுத்திருக்கும் மாடும், மணல் ஏற்றிப் பாயும் டிப்பரும் வன்னியில் அன்றாடக் காட்சி. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துகளின் ஆபத்து நான்கு சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவற்றைப் பிரதேச சபையிடமும் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் கேட்டு வாங்குவது நமது உரிமை. "விதி" என்று சொல்லிவிட்டால் கேட்க ஆளில்லை.

தண்டப்பணத்துக்காகப் பற்றைக்குள் மறைந்து நிற்கும் பொலிஸ்காரர் மீது நமக்குக் கோபம் இருக்கலாம். அதில் நியாயமும் இருக்கலாம். அந்தக் கோபத்தைப் பிள்ளையின் தலையில் தீர்த்துக்கொள்ள வேண்டாம். பொரளைச் சந்திக்கு அருகிலேயே றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் இருக்கிறது. பெற்றோல் தாங்கியில் இருந்து விழுந்த பிள்ளைகளுக்கும் அங்கேதான் கட்டில். நாளைக் காலை படலையைத் திறக்கும் முன் பிள்ளைக்குப் பொருந்தும் அளவில், எஸ்.எல்.எஸ். முத்திரையுள்ள ஒரு தலைக்கவசம் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பட்டியைப் பூட்டி, இரண்டு விரல்களுக்கு மேல் இடைவெளி இல்லாதபடி இறுக்கிவிடுங்கள். ஒழுங்கை முடியும் வரை மட்டும் போவதாக இருந்தாலும்.