எங்களில் ஹிக்காரு யார்?

என் அக்காவின் இரட்டைப் பையன்களுக்குப் பன்னிரண்டு வயது ஆனபோது, அடையாள அட்டை எடுக்க ஈப்போ பதிவிலாகாவுக்குக் கூட்டிப் போனது நான்தான். மூத்தவன் கட்டை விரலைக் கண்ணாடியில் வைத்தான். பிறகு இளையவன். இரண்டு அட்டைகளிலும் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்தது பேராக் மாநிலத்தில் பிறந்தவர்களுக்குரிய 08. எட்டு இலக்கம் வரை இருவரும் ஒருவரே. கடைசி நான்கில்தான் பிரிகிறார்கள்.

"ரேகையும் ஒரே மாதிரியா மாமா?" என்று மூத்தவன் கேட்டான். இல்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்து வந்தாலும், விரல் ரேகை கருப்பைக்குள்ளேயே ஆளுக்கு ஒரு விதமாக விழுந்துவிடும். சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. ஏன் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

இப்போது இருவருக்கும் பதினாறு. பள்ளியில் ஆசிரியரும் நண்பர்களும் இருவரையும் ஒரே பெயரில்தான் கூப்பிடுகிறார்கள்: 'கெம்பார்'. மலாயில் இரட்டையர் என்று பொருள். இளையவன் சிரித்துக்கொண்டே திரும்புவான். மூத்தவன் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு போய்விடுவான். விருந்தாளி வந்தால் அறையை விட்டு வரமாட்டான். "திமிரு" என்று சொந்தபந்தம் முடிவு கட்டிவிட்டது. நானும்தான்.

ஒரு நாள் இரவு அவனாகவே கைப்பேசியைக் கொண்டுவந்து, "இதப் பாருங்க மாமா" என்று நீட்டினான்.

மூடிய கதவு

அது 'ஓரான் ஹை ஸ்கூல் ஹோஸ்ட் கிளப்'. பிஸ்கோ ஹத்தோரி 2002இலிருந்து 2010 வரை வரைந்த மங்கா. போன்ஸ் நிறுவனம் 2006இல் 26 பாகங்களாக அனிமே ஆக்கியது. பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அங்கே 'ஹிதாச்சியின்' குடும்பத்து இரட்டையர், ஹிக்காருவும் காவொருவும். "எங்களில் ஹிக்காரு யார்?" என்பது அவர்கள் எல்லோரிடமும் வைக்கும் விளையாட்டு. பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை. ஆனால் அது அவர்கள் நடத்தும் தேர்வு. யாருமே தேறுவதில்லை.

நடுநிலைப் பள்ளியில் அவர்கள் யாரோடும் சேராதவர்கள். ஹிக்காருவை விரும்பிக் கடிதம் எழுதிய ஒரு பெண்ணைச் சோதிக்கிறார்கள். ஹிக்காரு இல்லாவிட்டால் காவொரு போதுமா என்று கேட்க, அவள் சரி என்கிறாள். கடிதம் கிழிகிறது. கொடுமைதான். ஆனால் அந்தச் 'சரி'யில் அவர்களுக்குப் பட்ட காயமும் உண்மை. இருவரில் யாராக இருந்தாலும் பரவாயில்லை என்றால், இருவருமே வேண்டாம் என்றுதானே அர்த்தம்?

முதன்முதலாகப் பிரித்தறிகிறவள் உதவித்தொகையில் படிக்கும் ஹாருஹி. ஐந்தாம் பாகத்தில் ஒருவன் இளஞ்சிவப்பும் மற்றவன் நீலமுமாகத் தலைமுடிக்குச் சாயம் பூசுகிறார்கள். பிறகு நிறத்தை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அவள் ஏமாறவில்லை.

இருவரில் மூத்தவன் ஹிக்காருதான். மூத்தவன் யார் என்பதே ஜப்பானில் ஒரு காலத்தில் வழக்காக இருந்தது. பின்னால் பிறந்தவரே மூத்தவர் என்று கொண்ட ஊர்களும் உண்டு. முதலில் பிறந்தவரே மூத்தவர் என்று 1874இல்தான் அரசாணை வந்தது. நம் வீடுகளில் சில நிமிடம் முந்திப் பிறந்தவனிடம், "அண்ணன்தானே, விட்டுக்கொடு" என்போம். இந்தக் கதையில் விட்டுக்கொடுக்கிறவன் தம்பி. உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி, ஹாருஹியோடு ஹிக்காருவைத் தனியே அனுப்புகிறான். கோபத்தில் அவளை விட்டுவிட்டுப் போகும் ஹிக்காரு, அவளுக்கு இடி என்றால் பயம் என்று தெரிந்ததும் மழையில் தேடி ஓடுகிறான். தேவாலயத்தில் ஒளிந்திருந்தவளின் காதில் தன் ஹெட்ஃபோனை மாட்டிவிடுகிறான்.

என் மருமகன் அந்த இடத்தில் படத்தை நிறுத்தினான். அவன் ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் எதுவும் பேசவில்லை.

ஆயாக் கொட்டகை

ஆளைப் பிரித்தறிவது என்றால் எங்கள் வீட்டில் அக்காவின் மாமியார்தான், பையன்களின் பாட்டி. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் ஆயாவாக இருந்தவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் அம்மாமார்கள் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார்கள். வரிசையாகத் தூளி. எந்தத் தூளியில் யார் பிள்ளை, எது எந்த நேரம் அழும், எதை எப்படித் தட்டினால் தூங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இரட்டைப் பிள்ளைகளும் இருந்தார்கள். "மூஞ்சிய எதுக்குப் பாக்கணும்? அழுற சத்தமே வேறயா இருக்குமே" என்பார்.

பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற, 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலிலும், பிறகு ரப்பர் இருந்த இடத்தைப் பிடித்த செம்பனையிலும் அந்த லயங்கள் கலைந்தன. சனங்கள் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்தார்கள். லயத்து வாழ்க்கையின் கஷ்டத்துக்கு நான் ஏங்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளையை அதன் அழுகையை வைத்தே தெரிந்துகொள்ளும் காது நம்மோடு வந்திருக்க வேண்டும். அதை அங்கேயே விட்டுவிட்டோம்.

ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்குத் திமிர் என்று பெயர் வைப்பது சுலபம். அவன் பெயரைத் தெரிந்துகொண்டு கூப்பிடுவது அதைவிடச் சுலபம்.

போன தீபாவளிக்குப் பாட்டி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கண்புரையால் பார்வை மங்கிவிட்டது. பின்னால் ஒருவன் தண்ணீர் எடுக்க நடந்து போனான். பாட்டி திரும்பாமலே மூத்தவனின் பெயரைச் சொல்லி, "எனக்கும் ஒரு கிளாஸ் கொண்டா ஐயா" என்றார். "எப்படிப் பாட்டி தெரிஞ்சது?" என்று கேட்டான். "நீதான் காலத் தேச்சி நடப்ப."

அன்று சாயங்காலம் வரை அவன் அறைக்குள் போகவில்லை.