பாண்டியில் ஒயின் கிடைக்குது, ஒயின் தோட்டம் ஏன் இல்லை? நாசிக் குடும்பம் ஒன்றின் கதை

வீக்கெண்ட் பாண்டிச்சேரி ட்ரிப் என்றாலே ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்கள், பிரெஞ்சுப் பெயர்ப் பலகைகள், டின்னருக்கு ஒரு கிளாஸ் ஒயின். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊராச்சே! ஆனால், ஒயின் தயாராகும் திராட்சைத் தோட்டத்தைச் சுத்திப் பார்க்கணும்னா பெங்களூரு பக்கம் நந்தி மலைக்கோ, மகாராஷ்டிராவின் நாசிக்குக்கோதான் போகணும். ஏன்?

கடற்கரையில் என்ன சிக்கல்?

ஒயின் திராட்சைக்குப் பகலில் வெயில், இரவில் குளிர் இரண்டும் வேணும். இரவு குளிர்ந்தால்தான் பழத்தில் இனிப்போடு புளிப்பும் தங்கும். பாண்டியில் இரவிலும் புழுக்கம். ஈரக்காற்றில் பூஞ்சை நோயும் சுலபமாகத் தொற்றும். நாசிக் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழை ஓய்ந்ததும் கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள்.

குடும்ப நிலம் சுற்றுலாத் தலமானது எப்படி?

அமெரிக்காவில் ஆரக்கிள் நிறுவன வேலையை விட்டுவிட்டு 1990-களில் ஊர் திரும்பியவர் ராஜீவ் சமந்த். நாசிக்கில் இருந்த குடும்ப நிலத்தில் மாம்பழம், சாப்பிடும் திராட்சை என்று முயற்சி செய்து பார்த்தார். பிறகு ஒயின் ரகங்களுக்கு மாறினார். அம்மா சுலபாவின் பெயரிலிருந்து பிறந்ததுதான் 'சுலா'. முதல் ஒயின் 2000-ல் சந்தைக்கு வந்தது.

ஒயின் பழக்கமே இல்லாத ஊரில் யார் வாங்குவாங்க? தோட்டத்துக்கே வரவழைத்து, ருசி காட்டிப் பழக்கினார்கள். 2005-ல் திறந்த டேஸ்டிங் ரூம் இந்தியாவில் முதலாவது. 2008-ல் இசைவிழா, பிறகு தங்கும் விடுதி. 2022 டிசம்பரில் நிறுவனம் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. 2001-ல் மகாராஷ்டிரா அரசு கொடுத்த வரிச்சலுகையும் இதில் கைகொடுத்தது.

நம்ம ஊரில் முடியுமா?

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்த ரகம் என்பார்கள். ஆனால், பறித்த பழம் சில நாள்கூடத் தாங்காது. வியாபாரி சொல்லும் விலைக்கே விவசாயி கொடுத்தாகணும். பாட்டிலில் அடைத்தால் காத்திருக்கலாம். பார்க்க வருபவர்களிடம் சாப்பாடு, அறை என்றும் வருமானம் பார்க்கலாம்.

ஆனால், தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். தோட்டத்து வாசலிலேயே பாட்டில் விற்கணும்னா, மண் மட்டும் மனசு வைத்தால் போதாது, அரசும் மனசு வைக்கணும்.