கடலோரத்தில் ஒரு வனவாசம்

வனவாசம் என்றதும் நமக்கு ஸ்ரீராமபிரானின் ஞாபகந்தான் வரும். பதினான்கு வருஷம், மரவுரி, தசரதரின் கண்ணீர்! ஆனால் கனடா தேசத்தின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் நகரவாசிகளுக்கு வனவாசம் என்பது ஒரு மாலை நேரத்து உல்லாசம். காரியாலயம் முடிந்ததும் குழந்தை குட்டிகளுடன் வனத்துக்குப் போகிறார்கள், நடக்கிறார்கள், கடலில் நீந்துகிறார்கள், இரவில் சௌக்கியமாக வீடு திரும்புகிறார்கள். எந்தக் கைகேயியும் அவர்களைத் தடுப்பதில்லை.

அந்த வனத்துக்கு ஸ்டான்லி பார்க் என்று பெயர். நகரத்தின் விளிம்பிலிருந்து நீருக்குள் நீண்டு நிற்கும் ஒரு சிறு தீபகற்பம் அது. சுமார் 1,000 ஏக்கர் பரப்பில் செடார், டக்ளஸ் பர், ஹெம்லாக் முதலிய விருக்ஷங்கள் வானளாவ ஓங்கி நிற்கின்றன. 2006 டிசம்பரில் அடித்த புயலில் சுமார் 10,000 மரங்கள் சாய்ந்த பிறகும் வனம் வனமாகவே இருக்கிறது. 1888-ஆம் வருஷத்தில் இதைப் பொது ஜனங்களுக்குத் திறந்து, அப்போது கவர்னர்-ஜெனரலாயிருந்த ஸ்டான்லி பிரபுவின் பெயரைச் சூட்டினார்கள். நடந்து போகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆகையால், நேயர்களே, நாமும் ஒரு சுற்று சுற்றி வரலாம், வாருங்கள்.

கடலை ஒட்டி ஒரு கற்சுவர் வனத்தை வளைத்துச் செல்கிறது. அதன்மேல் அமைந்த பாதையின் நீளம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். அலைகள் கரையை அரித்துவிடாமல் காப்பதற்காக 1917-இல் ஆரம்பித்த வேலை 1971-இல்தான் முற்றுப்பெற்றது. ஜேம்ஸ் கன்னிங்ஹாம் என்ற கல்தச்சர் தம் வாழ்நாளில் பெரும் பகுதியை இதற்கே அர்ப்பணம் செய்தார். சுவர் முடிவதைப் பார்க்காமலே 1963-இல் அவர் காலமானார். இன்று அதன்மேல் ஓடும் குழந்தைகளே அவருக்கு ஞாபகச் சின்னம்.

வனத்தின் மேற்கு வாசலில் இருக்கிறது இங்கிலீஷ் பே கடற்கரை. இங்கே ஸெராபிம் போர்ட்டிஸ் என்ற நீக்ரோவர் ஒருவர், பல ஆண்டுகள் உயிர்காப்பாளராயிருந்து, நீரில் தத்தளித்த பலரைக் கரை சேர்த்தார். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுத்தார். 1922-இல் அவர் இறந்தபோது நகரமே திரண்டு வந்தது. 1927-இல் அவர் நினைவாக அங்கே ஒரு குடிநீர் ஊற்று அமைத்தார்கள். குழந்தைகள் குனிந்து குடிக்கக்கூடிய உயரத்தில் அது இருப்பதுதான் விசேஷம்.

அப்பால் மணற்கரைகளைத் தாண்டினால், கடலுக்குள் ஒரு பாறை தன்னந்தனியாக நிற்கிறது. குழந்தை பிறக்கும் நேரத்தில் தகப்பன் பரிசுத்தனாயிருக்க வேண்டுமென்று ஓயாமல் நீந்திக்கொண்டிருந்த ஒரு வாலிபனாம் அவன். தேவர்களின் படகு வந்தபோதுகூட வழி விடவில்லையாம். அவர்கள் அவன் உறுதியை மெச்சி, என்றும் நிலைத்திருக்கும்படி அவனைக் கல்லாக்கினார்கள். ஆதிகுடிகளின் தலைவர் ஒருவர் சொல்லக் கேட்டு இக்கதையை எழுதிய பாலின் ஜான்சன் அம்மையாரின் அஸ்தி, 1913-இல் அந்தப் பாறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

கதை சொன்ன ஆதிகுடிகள் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? வடக்குக் கரைக்கு வந்தால் விடை கிடைக்கும். இன்று ஜனங்கள் உட்கார்ந்து சிற்றுண்டி அருந்தும் புல்வெளியில், முன்பு ஹ்வாய்ஹ்வாய் என்ற கிராமம் இருந்தது. தலைமுறைகளாக அவர்கள் சிப்பி உண்டு எறிந்த ஓடுகள் அங்கே மேடாகக் குவிந்திருந்தன. 1888-இல் அந்த ஓடுகளை வெட்டியெடுத்து வனத்தைச் சுற்றி ரஸ்தா போட்டார்கள். குடிகளையும் நாளடைவில் வெளியேற்றினார்கள். எல்லாருக்கும் பொதுவான இடம் என்று விளம்பரம் செய்த இடம், முன்னமே சிலருக்கு வீடாயிருந்தது!

கிழக்கு முனை தாண்டித் துறைமுகப் பக்கம் திரும்பும்போது, இந்தியர்களாகிய நம் கால்கள் தாமே நின்றுவிடும். 1914 மே 23-ந் தேதி, 'கோமகட்டா மாரு' என்னும் கப்பல் 376 இந்தியருடன் இந்த நீரில்தான் நங்கூரமிட்டது. பெரும்பாலோர் பஞ்சாபிச் சீக்கியர்கள், பிரிட்டிஷ் பிரஜைகள். தாய்நாட்டிலிருந்து இடையில் எங்கும் தங்காமல் நேரே பிரயாணம் செய்து வந்தவர்களே இறங்கலாம் என்ற சட்டத்தைக் காட்டி, ஒரு சிலரைத் தவிர மற்றவர்களைக் கரையில் கால் வைக்க விடவில்லை. இரண்டு மாதம் கப்பலிலேயே அடைபட்டிருந்து, ஜூலை 23-இல் திரும்பினார்கள். கல்கத்தாவுக்கருகில் பஜ்பஜ்ஜில் அவர்களை வரவேற்றது போலீஸாரின் துப்பாக்கி, பலர் மாண்டனர். 2012-இல் இத்துறைமுகக் கரையில் அவர்களுக்கு ஞாபகச் சின்னம் எழுந்தது. 2016 மே மாதம் கனடாப் பிரதம மந்திரி பார்லிமெண்டில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இவ்வனத்தின் கரையில் ஒரு பழைய பீரங்கி இருக்கிறது. 1894 முதல் அங்கே இருந்து வரும் அது, தினந்தோறும் இரவு சரியாக ஒன்பது மணிக்கு முழங்கும். வனத்தில் உலாவியவர்கள் அதைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு வீடு நோக்கி நடப்பார்கள். 1914-இல் கப்பலின் மேல்தளத்தில் நின்றவர்களும் அந்த ஓசையை இரவுதோறும் கேட்டிருப்பார்கள். அவர்களுக்குப் போக வீடுதான் இல்லை.

மரமும் மணலும் கடல் நீரும் எல்லாருக்கும் பொது என்பது மகத்தான தர்மம். அந்த 'எல்லார்' என்ற சொல்லுக்குள் ஒருவரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதைவிடக் கடினமான தர்மம்.