249 கிராம் ட்ரோனுக்கும் அனுமதி வேணுமா?

"250 கிராமுக்குள்ளதான், பெர்மிஷனே தேவையில்ல" என்று யாராவது சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள். எடைச் சலுகை பைலட் சான்றிதழ் மாதிரி விஷயங்களுக்குத்தான், வான்வெளிக்கு இல்லை.

2021 ட்ரோன் விதிகளின்படி டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலம் என்றால், 400 அடி வரை யாரையும் கேட்க வேண்டாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ.க்குள் பச்சை 200 அடியோடு முடிகிறது. அதற்கு மேல் மஞ்சள்: ஏர் டிராஃபிக் கன்ட்ரோல் அனுமதி வேணும். சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி. இரண்டுக்கும் ஆன்லைனில் முன்கூட்டியே விண்ணப்பிக்கணும். முகூர்த்தத்தன்று காலையில் அப்ளை பண்ணினால் வேலைக்காகாது. விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பச்சைதானே என்று முந்தைய வாரம் பார்த்ததை நம்பியும் கிளம்பாதீர்கள். மாநில அரசு ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம்.