டின் சிறிது, ஆபத்து பெரிது

ஜிந்துப்பிட்டியில் அழகு நிலையங்களில் வேலை செய்யும் சகோதரிகளைச் சந்திக்கையில், ஸ்பிரே டின்கள் எங்கே இருக்கின்றன என்றுதான் முதலில் பார்ப்பேன். 2021 இறுதியில் நம் நாட்டு வீடுகளில் நடந்த காஸ் வெடிப்புகள் நினைவிருக்கும். பல ஸ்பிரே டின்களிலும் அதே வகை எரிவாயுதான். அது காற்றைவிடப் பாரமானது. தரையோடு தங்கி நிற்கும்.

2018 டிசம்பரில் ஜப்பானின் சப்போரோ நகரில், ஓர் அலுவலகத்துக்குள் 100க்கு மேற்பட்ட டின்களை அடித்து வெறுமையாக்கிவிட்டு, வெந்நீர்க் கருவியைப் போட்டார்கள். கட்டடமே வெடித்தது, 40க்கு மேற்பட்டோர் காயமடைந்தனர்.

யன்னலைத் திறந்துவிட்டு ஸ்பிரே அடியுங்கள். அடுப்பு, விளக்கு, ஹெயார் ட்ரையர் அருகே வேண்டாம். டின்னை வெயிலில் வைக்காதீர்கள். வெறும் டின்னையும் குத்தாதீர்கள், குப்பையோடு எரிக்காதீர்கள்.

யன்னல் இல்லையா? முதலாளியிடம் கேளுங்கள். யுத்தத்தில் எத்தனையோ இழந்த பின், உங்கள் கைகளை நம்பித்தானே பிள்ளைகள் இருக்கிறார்கள்!