டேலியா நடுமுன் கண்ணைப் பாருங்க!

கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவில் டேலியா பூவைப் பார்த்திருப்பீங்க. அதன் தாய்வீடு மெக்சிகோ மலைகள். நம்ம மலைக் குளிரும் அதற்கு ஒத்துப்போகிறது.

விதை போட்டால் தாய்ச்செடியின் நிறம் அப்படியே வராது. கிழங்கைப் பிரித்து நட்டால் வரும். ஆனால் உருளைக்கிழங்கு மாதிரி இதற்கு உடம்பெல்லாம் கண் கிடையாது. தண்டோடு சேரும் கழுத்தில்தான் இருக்கும். கண் இல்லாத துண்டு எவ்வளவு பருமனாக இருந்தாலும் முளைக்காது. குழுக்கடனில் போட்ட பணம் மண்ணோடு போகும்.

செடி காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி, நிழலில் உலர்த்தி, லேசாக ஈரமுள்ள மணலில் வையுங்கள். கண் புடைத்ததும், துண்டுக்கு ஒரு கண்ணாவது இருக்கும்படி சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். வெட்டுவாய் காய்ந்தபின் 4 அங்குல ஆழத்தில் நடுங்கள். அப்போதே குச்சியும் ஊன்றுங்கள். முளை வரும்வரை தண்ணீரை அதிகம் ஊற்றாதீங்க, அழுகிவிடும்.

கிழங்கு வாங்கும்போதும் முதலில் கழுத்தைப் பாருங்க, பிறகு காசைக் கொடுங்க!